அடுத்த ஆளுக்காகக் கார் வாங்குகிறோமா?



கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது ஆறுதலாக வாசியுங்கள். கார் வாங்க யோசித்துக்கொண்டிருப்பவர்களுக்குப் பிரயோசனப்படும் என்று நினைக்கிறோம்.

இறக்குமதி திறந்த பிறகு நாங்கள் ஒரு பழைய நிசான் ப்ளூபேர்ட் சில்ஃபி கார் வாங்கினோம். ஜீ லெவன் மொடல், 1500 சீசீ. வாங்கிய நாளிலிருந்து கல்யாண வீட்டிலும் கேட்கிறார்கள், மௌத்து வீட்டிலும் கேட்கிறார்கள், ஸ்டாஃப் ரூமிலும் கேட்கிறார்கள்: "ஏன் சேர் டொயோட்டா எடுக்கல்ல?" ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லி முடியவில்லை. அதனால் எல்லோருக்கும் சேர்த்து ஒரே தடவையில் எழுதிவிடுகிறோம்.

முதலில் எங்கள் தேவையைச் சொல்ல வேண்டும். அது இல்லாமல் எந்தக் கார் நல்லது என்ற பேச்சுக்கே அர்த்தம் இல்லை.

எங்கள் வீட்டில் ஆறு பேர். நாங்கள் இருவரும் ஆசிரியர்கள். இரண்டு பிள்ளைகள், உம்மா, வாப்பா. பாடசாலைக்குப் போய்வர மோட்டார் சைக்கிள் போதும். ஊருக்குள் கடைத்தெருவுக்கும் அதுதான். கார் தேவைப்பட்டது உம்மாவுக்காக. இரண்டு முழங்காலும் தேய்ந்து, மடக்க முடியாத நிலை. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை கண்டிக்குக் கிளினிக். எங்கள் கரையோரத்திலிருந்து அம்பாறை, மகாஓயா, மகியங்கனை வழியாகப் போய்வர 400 கிலோமீற்றருக்கு மேல். ஒவ்வொரு தடவையும் வேன் ஹயர் நாற்பதாயிரத்துக்குக் குறையாமல் போனது. பஸ்ஸில் கூட்டிப் போன காலமும் இருந்தது. அதை நினைக்க விருப்பமில்லை.

சிலர் வேகன் ஆர் எடுக்கச் சொன்னார்கள். சின்னக் கார் என்று நாங்கள் இளக்காரமாகப் பார்க்கவில்லை. முழங்கால் வருத்தக்காரருக்கு ஏறி இறங்க அதன் உயரமான இருக்கை உண்மையில் வசதி. ஆனால் 660 சீசீ எஞ்சினில் ஆட்களையும் பைகளையும் ஏற்றிக்கொண்டு மகியங்கனைக்கு அப்பால் பதினெட்டு வளைவு ஏறுவதை யோசித்தோம். உம்மாவின் வாக்கரை வைக்கவும் இடம் வேண்டும். ஆகவே டிக்கி உள்ள கார், அதாவது செடான், என்று முடிவானது.

புதிய காரைப் பற்றிய பேச்சே இல்லை. 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதியை 2025 பெப்ரவரியில் திறந்துவிட்டார்கள். விலை விழும் என்று ஊரே காத்திருந்தது. வரியோடு சேர்த்துப் பார்த்தபோது புதிய கார் இரண்டு ஆசிரியர் சம்பளத்துக்கு எட்டாத உயரத்தில்தான் நின்றது. அதனால் பழைய கார்களில் ஐந்தை எடுத்துப் பார்த்தோம்: டொயோட்டா அலியன் 260, அதன் சகோதரம் பிரீமியோ, டொயோட்டா அக்சியோ 165 ஹைபிரிட், ஹோண்டா கிரேஸ் ஹைபிரிட், நிசான் சில்ஃபி ஜீ லெவன்.

இந்த ஐந்துக்கும் ஒரு பொதுவான விடயம் உண்டு. ஐந்தின் அகலமும் 1.7 மீற்றருக்குள்தான். இது தற்செயல் அல்ல. ஜப்பானில் 4.7 மீற்றர் நீளம், 1.7 மீற்றர் அகலம், 2000 சீசீ ஆகியவற்றுக்குள் இருந்தால் அது சிறிய கார் வகுப்பு. தாண்டினால் பெரிய கார் வகுப்பு. அந்த எல்லைக்குள் நிற்கவே இவற்றை 1695 மில்லிமீற்றர் அகலத்தில் செய்தார்கள். ஜப்பான்காரர் தங்கள் ஒடுங்கிய தெருக்களுக்காகச் செய்தது, இரண்டு பக்கமும் மதில் எழுந்து நிற்கும் எங்கள் ஊர் ஒழுங்கைகளுக்கும் அப்படியே பொருந்துகிறது. ஹோண்டா சிவிக் எஃப்.டி.யும் ஆசையோடு பார்த்தோம். நல்ல கார். ஆனால் அகலம் 1.75 மீற்றர். எங்கள் வீட்டுக் கேற்றுக்குள் திருப்பி எடுக்கும்போது அந்த ஐந்து சென்ரிமீற்றர் தெரிந்தது.

ஒவ்வொரு காரையும் பார்க்கப் போகும்போது அளவு நாடா கொண்டு போனோம். விற்கிறவர்கள் சிரித்தார்கள். பரவாயில்லை. உம்மாவால் காலை மடக்க முடியாது. அப்படியென்றால் பின் சீட்டில் காலை முன்னுக்கு நீட்டி இருக்க இடம் வேண்டும். எங்களுக்கு அதுதான் முதலாவது கேள்வி. பொனட்டுக்குக் கீழே என்ன இருக்கிறது என்பது இரண்டாவது.

இங்கே ஒரு சின்னப் பாடம். முன் சில்லுக்கும் பின் சில்லுக்கும் இடையில் உள்ள தூரத்தைத்தான் வீல்பேஸ் என்கிறார்கள். காருக்குள் கால் வைக்கும் இடம் பெரும்பாலும் இதைப் பொறுத்தது. அக்சியோவுக்கும் கிரேஸுக்கும் இது 2.6 மீற்றர். அலியன், பிரீமியோ, சில்ஃபி மூன்றுக்கும் 2.7 மீற்றர். பத்து சென்ரிமீற்றர்தான் வித்தியாசம். பாடசாலை அடிமட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு. ஆனால் முழங்கால் நோகிற மனிதருக்கு அது ஐந்து மணித்தியாலப் பயணம்.

உறவுக்காரர் ஒருவரின் அக்சியோவில் உம்மாவை இருத்திப் பார்த்தோம். முன் சீட்டை நன்றாக முன்னுக்குத் தள்ளினால் காலை நீட்டலாம். ஆனால் முன்னுக்கு இருப்பவர் டாஷ்போர்டில் முழங்காலை முட்டிக்கொண்டு போக வேண்டும். கிரேஸில் இடம் அக்சியோவை விடத் தாராளம். சின்ன வீல்பேஸில் அவ்வளவு இடம் எடுத்திருப்பது ஹோண்டாவின் கெட்டித்தனம். அலியனில் தாராளமாக இருந்தார். பின் சீட்டின் முதுகைக் கொஞ்சம் சாய்க்கவும் முடிகிறது. நீண்ட பயணத்துக்கு அது பெரிய வசதி. சில்ஃபியில் முதுகு சாயாது. ஆனால் கால் வைக்கும் இடத்தில் அலியனுக்கு ஒரு குறையும் இல்லை. அதில் ஏறி இருந்துவிட்டு உம்மா சொன்னார்: "இதுல கால நீட்ட ஏலுது புள்ள." எங்களுக்கு அது ஒரு பரீட்சைப் பெறுபேறு மாதிரி.

பிரீமியோவைப் பற்றி ஒரு வார்த்தை. பழைய கொரோனாவின் வாரிசு பிரீமியோ. பழைய கரினாவின் வாரிசு அலியன். உடம்பும் எஞ்சினும் ஒன்றுதான். முகமும் உள் அலங்காரமும் வேறு. எங்கள் நாட்டில் அந்த முகத்துக்குத் தனி விலை இருக்கிறது. அதனால் பிரீமியோவை முதலிலேயே ஒரு பக்கம் வைத்துவிட்டோம்.

இனி பெற்றோல் கணக்கு. இங்கேதான் பலரும் எங்களோடு சண்டை பிடித்தார்கள்.

2022ஐ யாரும் மறக்கவில்லை. நாள்கணக்கில் வரிசை. பிறகு கியூஆர் முறை வந்து காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர். 92 ஒக்டேன் லீற்றர் 470 ரூபாவுக்குப் போனதும் அந்த வருடம்தான். அந்தப் பயம் இன்னும் மனதுக்குள் இருக்கிறது. ஹைபிரிட் கார்களுக்கு இவ்வளவு கேள்வி இருப்பதற்கு அந்தப் பயமும் ஒரு காரணம் என்பது எங்கள் எண்ணம். பயம் நியாயமானதுதான். ஆனால் பயத்துக்கு எவ்வளவு காசு கொடுக்கிறோம் என்று கணக்குப் பார்க்க வேண்டும்.

நாங்கள் ஒரு கொப்பியில் எங்கள் வருடப் பயணங்களை எழுதினோம். கண்டிக் கிளினிக் நான்கு தடவை. பிள்ளைகளின் லீவுக்கு ஒரு பயணம். கல்யாணம், மௌத்து, உறவுகளைப் பார்க்கப் போவது. மழை நாட்களில் பாடசாலை. எல்லாம் சேர்த்து வருடத்துக்கு 8,000 கிலோமீற்றர் வந்தது. அதற்கு மேல் எப்படிக் கூட்டினாலும் வரவில்லை.

சில்ஃபி ஊருக்குள்ளும் தூரப் பயணத்திலும் சராசரியாக லீற்றருக்கு 11 கிலோமீற்றர் என்று வைத்தோம். அக்சியோ ஹைபிரிட் 18 என்று வைத்தோம். ஜப்பான் பரிசோதனைக் கணக்கில் அந்தக் காருக்கு 33 என்று போட்டிருப்பார்கள். அது ஆய்வுகூடக் கணக்கு. எங்கள் வீதியில், ஏசி போட்டு, குடும்பத்தோடு ஓடும்போது கிடைப்பது வேறு. வைத்திருப்பவர்களிடம் கேட்டுத்தான் 18 என்று எடுத்தோம்.

8,000 கிலோமீற்றருக்குச் சில்ஃபி ஏறத்தாழ 727 லீற்றர் குடிக்கும். அக்சியோ ஹைபிரிட் 444 லீற்றர். வித்தியாசம் 283 லீற்றர். லீற்றர் 300 ரூபா என்று வைத்தால் வருடத்துக்கு ஏறத்தாழ 85,000 ரூபா மிச்சம். நல்ல காசுதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் நாங்கள் பார்த்த அக்சியோ 165க்கும் நாங்கள் பார்த்த சில்ஃபிக்கும் இடையில் விலை வித்தியாசம் 20 இலட்சத்துக்குக் குறையவில்லை. 20 இலட்சத்தை 85,000 ஆல் வகுத்துப் பாருங்கள். இருபத்து மூன்று வருடம் கடந்துதான் ஹைபிரிட் எடுத்த காசு திரும்பி வரும். அதற்குள் எங்கள் மூத்த பிள்ளைக்கே பிள்ளைகள் இருப்பார்கள்.

இதே கணக்கை வாடகைக்கு ஓடும் ஒரு தம்பிக்குப் போட்டால் விடை மாறும். அவர் வருடம் 30,000 கிலோமீற்றர் ஓடுகிறார் என்று வையுங்கள். அவருக்கு மிச்சம் வருடத்துக்கு மூன்று இலட்சத்துக்கு மேல். ஆறு வருடத்துக்குள் அல்லது அதைக் கொஞ்சம் தாண்டி எடுத்துவிடுவார். அவர் ஹைபிரிட்தான் எடுக்க வேண்டும். ஆகவே ஹைபிரிட் நல்லதா கூடாததா என்பது கேள்வியே அல்ல. நீங்கள் எவ்வளவு ஓடுகிறீர்கள் என்பதுதான் கேள்வி.

ஹைபிரிட்டில் இன்னும் ஒன்று. அக்சியோவின் பெரிய பற்றரி பின் சீட்டுப் பக்கம் இருக்கிறது. அதைக் குளிராக்கக் காருக்குள் உள்ள காற்றைத்தான் இழுக்கிறது. தூசும் தலைமயிரும் போய் அந்தக் காற்றுத் துவாரம் அடைத்தால் பற்றரி சூடாகிச் சீக்கிரம் பலவீனமாகும். எங்கள் கரையோர வெயிலிலும் மணலிலும் இதை ஒழுங்காகத் துப்பரவு செய்ய வேண்டும். வைத்திருப்பவர்கள் இன்றைக்கே பாருங்கள். இது சும்மா சொல்வதல்ல, பற்றரி மாற்றப் போனால் இலட்சக்கணக்கில் போகும்.

கிரேஸை நாங்கள் மிகவும் விரும்பினோம். ஓடிப் பார்த்தபோது ஐந்திலும் அதுதான் துடிப்பான கார். ஏற்றத்தில் மோட்டாரும் எஞ்சினும் சேர்ந்து இழுக்கும் இழுவை வேறு எதிலும் இல்லை. ஆனால் அதன் கியர் பொக்ஸ் இரட்டைக் கிளச் உள்ள ஏழு கியர் முறை. அதே முறையோடு வந்த ஃபிட், வெசல் ஹைபிரிட்களை ஹோண்டாவே 2013இலும் 2014இலும் ஜப்பானில் பல தடவை திரும்ப அழைத்துக் கட்டுப்பாட்டு மென்பொருளைத் திருத்தியது. கிரேஸ் அதற்குப் பிறகு, 2014 கடைசியில் வந்தது. நன்றாகப் பராமரித்த கிரேஸ் நன்றாகவே ஓடுகிறது. ஆனால் பழுதானால் அந்தக் கியர் பொக்ஸைத் திறந்து பார்க்கத் தெரிந்த பாஸ் எங்கள் பக்கத்தில் குறைவு. கண்டிப் பாதையில் உம்மாவோடு நடுவழியில் நிற்க எங்களால் ஏலாது. இதே ஊரில் கிரேஸ் வைத்துச் சந்தோசமாக ஓடுபவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கோபிக்க வேண்டாம். எங்கள் பயம் எங்கள் பயணத்துக்கு உரியது.

இப்படிக் கழித்துக் கழித்து வந்தபோது கடைசியில் மிஞ்சியது இரண்டு: அலியன் 260, சில்ஃபி ஜீ லெவன்.

இரண்டும் 1500 சீசீ. இரண்டுக்கும் வலு ஏறத்தாழ 110 குதிரை. இரண்டு எஞ்சினிலும் டைமிங் செயின், பெல்ட் மாற்றும் செலவு இல்லை. அலியனில் சீவீரி கியர். மென்மையாக ஓடும், பெற்றோலும் கொஞ்சம் மிச்சம். சில்ஃபியில் பழைய நான்கு கியர் ஓட்டோ. ஏற்றத்தில் கியர் மாற்றும்போது ஒரு உறுமல் உறுமும். ஆனால் எந்தக் கராஜிலும் பார்ப்பார்கள். உள்ளே அலியன் அழகு, பிளாஸ்டிக்கும் தரம். சில்ஃபியின் உள்பக்கம் கொஞ்சம் பழைய காலத்து வரவேற்பறை மாதிரி இருக்கும். வாப்பாவுக்கு அதுதான் பிடித்தது, அது வேறு கதை.

எல்லாம் கூட்டிக் கழித்தால் அலியன் ஒரு படி மேலே. அதை மறுக்கவில்லை. ஆனால் நாங்கள் பார்த்த கார்களுக்குள் விலை வித்தியாசம் ஏறத்தாழ 30 இலட்சம். ஒரு படிக்கு 30 இலட்சமா?

இந்தக் கேள்வியைத்தான் பெரிய மச்சானிடம் கேட்டோம். அவர் அலியன் கட்சி. அவர் சொன்ன பதிலை ஊரில் பத்தில் எட்டுப் பேர் சொல்வார்கள்: "அலியன் எடுத்தா அது பேங்க்ல போட்ட காசு மாதிரி. நாளைக்கு விக்கப் போனா போட்ட காசு வரும். நிசான எவன் வாங்குவான்?"

இது வெறும் வாய்ப்பேச்சு அல்ல. இறக்குமதி நின்ற ஐந்து வருடத்தில் டொயோட்டா வைத்திருந்தவர்கள் வாங்கிய விலையை விடக் கூட்டி விற்றார்கள். வீட்டில் ஒரு அவசரம் வந்தால் காலையில் சொல்லி மாலையில் விற்கலாம். வங்கியில் பெரிதாக ஒன்றும் இல்லாத குடும்பத்துக்கு அது ஒரு பாதுகாப்பு. எங்கள் ஆட்கள் டொயோட்டாவை நம்புவது பைத்தியத்தனத்தால் அல்ல. ட்ராட் சனியிலும் டொக்டர் சனியிலும் ஓடித் திரிந்த ஊர்தான் இது. பிறகு சந்தை ஒரு பக்கம் சாய்ந்தது, ஆட்களும் சாய்ந்தார்கள்.

ஆனால் மச்சானிடம் நாங்கள் திருப்பிக் கேட்டது இதுதான்: நாங்கள் எப்போது விற்கப் போகிறோம்?

இரண்டு மூன்று வருடத்தில் மாற்றுகிறவருக்கு விற்கும் விலைதான் முக்கியம். அவர் டொயோட்டா எடுக்கட்டும். நாங்கள் பத்து வருடம் வைத்திருக்க வாங்குகிறோம். பத்து வருடம் கழித்து இரண்டுமே வயதான கார்கள்தான். அலியனின் தயாரிப்பே 2021 மார்ச்சில் நின்றுவிட்டது. இறக்குமதி மூடிக் கிடந்த காலத்து விலை எப்போதும் நிற்கும் என்று யாராலும் உறுதி தர முடியாது.

அதோடு அந்த 30 இலட்சம் எங்கள் கையில் இருந்த காசு அல்ல. சேமிப்பும் சீட்டுக் காசும் சேர்த்துச் சில்ஃபிக்கு அளவாக இருந்தது. அலியன் எடுப்பதென்றால் மிச்சத்துக்குக் கடன். வட்டிக்குப் போக மாட்டோம், இஜாரா முறையில் எடுக்கலாம் என்று விசாரித்தோம். மார்க்கத்துக்கு ஒத்த வழி இருப்பது நிம்மதிதான். ஆனால் தவணை தவணைதான். 30 இலட்சத்தை 60 மாதத்தால் வகுத்தால் அசல் மட்டும் மாதம் 50,000. அதற்கு மேல் அவர்களுடைய வாடகை இலாபம். பத்து வருடம் கழித்து விற்கும்போது அலியன் எங்களுக்குக் கூடுதலாகத் தரப்போகும் காசை, அந்த ஐந்து வருடத்தில் மாதாமாதம் முன்கூட்டியே கட்டி முடித்திருப்போம்.

யோசித்துப் பார்த்தால் இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. நிறம் தெரிவு செய்யும்போது வெள்ளையும் சில்வரும்தான். எங்களுக்குப் பிடித்த நிறம் எது என்று யாரும் கேட்பதில்லை, விற்கும்போது எது போகும் என்றுதான் கேட்கிறோம். சீட்டுக்கு மேல் போட்டு வந்த பொலித்தீனைக் கழற்றாமல் வருடக்கணக்கில் அதன் மேலேயே இருக்கிறோம். கார் எங்கள் காசில் வருகிறது, ஆனால் அதை வாங்குவது எங்கேயோ இருக்கும் முகம் தெரியாத அடுத்த ஆளுக்காக. அவர் என்ன சொல்வார், எவ்வளவு தருவார் என்று பயந்துகொண்டே நாங்கள் பத்து வருடம் ஓட்டுகிறோம். பின் சீட்டில் இருக்கிற உம்மாவை விட அவருக்குத்தான் மரியாதை கூட.

எங்கள் பாஸ் காரைச் சுற்றிப் பார்த்து, எஞ்சினைக் கேட்டுவிட்டு, ஒரே வசனத்தில் சொன்னார்: "எஞ்சின் நல்லம் சேர், விக்கத்தான் கஷ்டம்." நாங்கள் முதல் பாதிக்காக வாங்கினோம்.

இப்போது ஒரு வருடத்துக்கு மேல் ஓடியாயிற்று. குறைகளை மறைக்காமல் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் இது விளம்பரம் ஆகிவிடும்.

தாழ்வான கார். எங்கள் ஊரில் சிலர் வீட்டுக்கு முன்னால் தாங்களே கட்டி வைத்திருக்கும் ஸ்பீட் பிரேக்கர்களில் ஆட்கள் நிறைந்திருந்தால் அடி தட்டும். ஊருக்குள் மட்டும் ஓடினால் லீற்றருக்கு பத்தும் வராது. தூரத்துக்குப் பதின்மூன்று வரை வருகிறது. ஐட்லிங் ஏறி இறங்கியது. த்ரொட்டில் பொடியைத் துப்பரவு செய்த பிறகு கொம்பியூட்டரில் போட்டு ஐட்லிங்கைத் திரும்பப் பழக்க வேண்டும், அது இல்லாமல் சரிவராது. இதைத் தெரியாமல் பாகத்தையே மாற்றச் சொல்பவர்கள் இருக்கிறார்கள், கவனம். ஒரு எஞ்சின் மவுண்ட் மாற்றினோம். டொயோட்டாவுக்கு என்றால் பக்கத்துக் கடையிலேயே எடுக்கலாம். எங்களுக்குப் பஞ்சிகாவத்தையிலிருந்து பஸ்ஸில் வரவேண்டியிருந்தது. ஒரு நாள் தாமதம். ஆனால் பாகம் இல்லாமல் நின்றதில்லை. இதே எஞ்சின்தான் டீடாவிலும் ஏ.டி. வேகனிலும் இருக்கிறது. அவை நாட்டில் தாராளமாக ஓடுகின்றன.

நல்லது என்ன என்றால், மாதம் முடியும்போது எங்கள் காருக்காக யாருக்கும் ஐம்பதாயிரம் கட்டுவதில்லை. அந்தக் காசை அப்படியே மிச்சம் பிடித்தோம் என்று சொல்ல முடியாது, ஆசிரியர் சம்பளத்தில் அது நடக்காது. முடிந்ததை ஒரு பக்கம் ஒதுக்கினோம். அதிலிருந்துதான் உம்மாவின் ஒரு முழங்காலுக்குச் சத்திரசிகிச்சை முடிந்தது, அல்ஹம்துலில்லாஹ். மற்றக் கால் அடுத்த வருடம், இன்ஷா அல்லாஹ். சத்திரசிகிச்சை முடிந்து வரும்போதும் அதே பின் சீட்டில், கட்டுப் போட்ட காலை நீட்டியபடிதான் வந்தார். பதினெட்டு வளைவும் இறங்கி மகியங்கனை வரும் மட்டும் நித்திரை.

கடைசியாக, பழைய கார் பார்க்கப் போகிறவர்களுக்குச் சில விடயங்கள். எந்தக் கம்பனிக் காருக்கும் பொருந்தும்.

ஒன்று, மீற்றரை நம்பாதீர்கள். நாங்கள் பார்த்த ஒரு காரில் மீற்றர் 85,000 காட்டியது. பிரேக் பெடல் இறப்பர் தேய்ந்து இரும்பு தெரிந்தது. ஸ்டியரிங் கண்ணாடி மாதிரி வழுவழுப்பு. பெடலும் ஸ்டியரிங்கும் பொய் சொல்லாது. ஜப்பான் ஏலப் பத்திரம் இருந்தால் கேளுங்கள், சேர்விஸ் பதிவுகளைக் கேளுங்கள்.

இரண்டு, எஞ்சின் ஆறியிருக்கும்போது ஸ்டார்ட் பண்ணிப் பாருங்கள். "இப்பதான் ஓடி வந்த" என்று சொன்னால், இன்னொரு நாள் காலையில் வருகிறோம் என்று சொல்லுங்கள்.

மூன்று, எயார்பேக். டகாட்டா கம்பனியின் எயார்பேக் பிரச்சினையால் டொயோட்டா, ஹோண்டா, நிசான் மூன்றினதும் பல மொடல்கள் உலகம் முழுவதும் திரும்ப அழைக்கப்பட்டன. ஜப்பானிலிருந்து பாவித்து வந்த கார்களில் அது மாற்றப்பட்டதா என்று யாரும் தேடுவதில்லை. செஸி நம்பரைக் கொடுத்து முகவரிடம் கேளுங்கள். பழுதான எயார்பேக் வெடித்தால் உலோகத் துண்டு பறக்கும். இது விலை பேசும் விடயம் அல்ல, உயிர் விடயம்.

நான்கு, சீஆர் புத்தகத்தில் உள்ள பெயரும் விற்கிறவரும் ஒருவரா, லீசிங் பாக்கி ஏதும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு முற்பணம் கொடுங்கள்.

ஐந்து, எல்லாவற்றுக்கும் முதல், ஒரு கொப்பி எடுத்து உங்கள் வருடக் கிலோமீற்றரை எழுதுங்கள். யார் யார் காரில் இருப்பார்கள், அவர்களில் யாருக்கு என்ன வருத்தம், எத்தனை வருடம் வைத்திருப்பீர்கள், இவற்றையும் எழுதுங்கள். அதற்குப் பிறகு சந்தைக்குப் போங்கள். உங்கள் கணக்கில் அலியன் வந்தால் அலியன் எடுங்கள், ஹைபிரிட் வந்தால் ஹைபிரிட் எடுங்கள். சில்ஃபிதான் எடுக்க வேண்டும் என்று நாங்கள் சொல்ல வரவில்லை. ஒரு வேண்டுகோள் மட்டும்: காசு கொடுப்பதற்கு முன், வீட்டில் அதிகம் நோவுபடுகிற ஆளைப் பின் சீட்டில் இருத்தி, கதவைச் சாத்தி, கால் எப்படி இருக்கிறது என்று கேளுங்கள்.

வாகனத்தோடு வெளியே இறங்கும் எல்லோரையும் அல்லாஹ் பத்திரமாக வீடு சேர்ப்பானாக.